தூள் இன்ஹேலரில் மருந்தின் அளவு எப்படிக் கணக்காகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்துமாவுக்கும், சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் தூள் இன்ஹேலர் இழுப்பவர்கள் கேட்கும் கேள்விகளும், பார்மசி படிக்கிற பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் கலந்தே இங்கே இருக்கின்றன. பேச்சு முழுக்கக் கருவியின் வடிவமைப்பைப் பற்றியது. எந்த மருந்து, எத்தனை வேளை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ப்ரே இன்ஹேலருக்கும் தூள் இன்ஹேலருக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

ஸ்ப்ரே வகையில் மருந்தை வெளியே தள்ளுவது டப்பாவுக்குள் அழுத்தத்தில் அடைத்திருக்கும் வாயு. விரலால் அமுக்கினால் மருந்து வந்துவிடும். நீங்கள் மூச்சை இழுத்தீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அதனால் அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பலருக்கு இது கடைசிவரை கைவருவதில்லை.

தூள் இன்ஹேலரில் பெரும்பாலும் வாயுவும் இல்லை, மோட்டாரும் இல்லை. இழுக்கிறவரின் மூச்சுதான் எஞ்சின். இழுத்தால்தான் மருந்து வரும் என்பதால் நேரம் பார்த்து அமுக்கும் தொல்லை ஒழிந்தது. பதிலுக்கு இன்னொரு தொல்லை வந்து சேர்ந்தது: இந்த எஞ்சின் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் மாறும். 20 வயதுக் கபடி ஆட்டக்காரரும், மாடிப்படி ஏறவே இளைக்கிற 70 வயதுப் பெரியவரும் ஒரே கருவியை இழுப்பார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மருந்து போய்ச் சேர வேண்டும். கீழே வருகிற சிக்கல்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பெட்டியில் 18 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. அத்தனையும் நுரையீரலுக்குப் போகிறதா?

போவதில்லை. தூள் இன்ஹேலரைப் பொறுத்தவரை "டோஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று அளவுகள் இருக்கின்றன. கேப்ஸ்யூலிலோ, படலத்தால் மூடிய சிறு குழியான ப்ளிஸ்டரிலோ அடைத்திருக்கும் அளவு முதலாவது. கருவியின் வாய்முனையைத் தாண்டி வெளியே வருவது இரண்டாவது. அதில் நுரையீரலின் சிறு குழாய்கள்வரை போகக்கூடிய நுண்துகள்கள் மட்டும் மூன்றாவது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் குறைந்துகொண்டே வரும்.

நீங்கள் சொல்லும் 18 மைக்ரோகிராம், ஹாண்டிஹேலர் என்ற கருவியில் போடும் டையோட்ரோப்பியம் மருந்துக் கேப்ஸ்யூலின் அளவு. அமெரிக்க லேபிளில் ஒரு வரி இருக்கும்: நிமிடத்துக்கு 39 லிட்டர் வேகத்தில் 3.1 நொடி காற்றை இழுத்துச் சோதித்தால் வாய்முனையிலிருந்து வருவது சராசரியாக 10.4 மைக்ரோகிராம். மீதி கேப்ஸ்யூலின் சுவரிலும் கருவியின் உள்ளேயும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. வெளியே வந்த 10.4-இலும் ஒரு பெரும்பகுதி தொண்டையில் மோதி வயிற்றுக்குப் போகும்.

இதைப் பார்த்து ஏமாற்று வேலை என்று எண்ண வேண்டாம். நோயாளிகளிடம் நடத்திய சோதனைகள் அதே கேப்ஸ்யூல், அதே கருவி என்ற ஜோடியில்தான் நடந்தன. நுரையீரலுக்குப் போன பங்கைக் கொண்டே அந்த 18 பலன் தருகிறதா என்று பார்த்தார்கள். குழப்பம் வருவது எண்ணை அச்சிடும் பழக்கத்தில்தான். புடெசோனைடு, ஃபார்மோட்டெரால் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே டர்புஹேலர் கருவி ஒரு நாட்டில் 200/6 என்றும் இன்னொரு நாட்டில் 160/4.5 என்றும் விற்கப்படுகிறது. முதல் எண் கருவி அளந்து எடுப்பது, இரண்டாவது வெளியே வருவது. எலிப்டா என்ற கருவியிலும் இதே கதைதான்: அமெரிக்காவில் 100/25, ஐரோப்பாவில் 92/22. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் மருந்து வாங்கி அனுப்பும் வீடுகளில் "டாக்டர் எழுதியது ஒன்று, வந்தது ஒன்று" என்று பதறுவதற்கு இதுவே பாதிக் காரணம். உலகம் முழுக்க வெளியே வரும் அளவையே அச்சிடலாம் என்பது என் கட்சி. பழகிப்போன பெயர்களை மாற்ற யாரும் துணிய மாட்டார்கள் என்பதும் தெரிந்ததே.

துகள் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்?

1 முதல் 5 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 மைக்ரானைத் தாண்டினால், வாயிலிருந்து மூச்சுக்குழாய்க்குள் காற்று வளைந்து இறங்குமிடத்தில் துகளால் கூடவே வளைய முடியாது. நேரே போய்த் தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்வது இப்படி வாயிலும் தொண்டையிலும் தங்கிய மருந்துக்காகத்தான். அரை மைக்ரானைச் சுற்றியுள்ள துகள்களுக்கு வேறு விதி: எங்கும் படியாமல் உள்ளே போன மூச்சோடு திரும்பி வெளியே வந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

இங்கே "அளவு" என்பது நுண்ணோக்கியில் பார்க்கும் விட்டம் ஆகாது. காற்றில் அந்தத் துகள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துக் கணக்கிடும் காற்றியக்க விட்டம் அது. துகளின் அடர்த்தி குறையக் குறைய இந்த விட்டமும் குறையும். உள்ளே ஓட்டை ஓட்டையாக, லேசாக ஒரு துகளைச் செய்தால் கண்ணுக்குப் பெரிதாகவும் காற்றுக்குச் சிறிதாகவும் இருக்கும். இந்தத் தந்திரம் பின்னால் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் வரும் கேள்வியில் கைகொடுக்கும்.

அவ்வளவு நுண்ணிய தூளைச் சில மைக்ரோகிராம் கணக்கில் எப்படி அளக்கிறார்கள்?

தனியாக அளப்பதில்லை, அளக்கவும் முடியாது. கோலமாவை விரலிடுக்கில் விட்டால் இழை சீராக விழும். நன்றாக அரைத்துச் சலித்த அரிசி மாவை அப்படி விட்டுப் பாருங்கள், விரலில் அப்பிக்கொண்டு நிற்கும், விழுந்தால் பொத்தென்று கட்டியாக விழும். துகள் சிறுக்கச் சிறுக்க ஒட்டும் குணம் மேலோங்குவதே காரணம். விட்டம் பத்தில் ஒன்றானால் ஒட்டும் விசை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிறது, எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிறது. ஆக 3 மைக்ரான் தூளுக்குத் தன் எடையால் விழுவது என்ற பேச்சே இல்லை. குழாயில் ஓடாது, குழியில் சமமாக நிரம்பாது.

இதற்குக் கண்டுபிடித்த வழி லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. மருந்தை ஜெட் மில்லில் போட்டு, வேகமான காற்றில் ஒன்றோடொன்று மோதவிட்டு, 1–5 மைக்ரானாக உடைப்பார்கள். பிறகு அதை 50 முதல் 150 மைக்ரான் வரையுள்ள லாக்டோஸ் பரல்களோடு கலப்பார்கள். மருந்துத் துகள்கள் பரல்களின் மேல் போய் அப்பிக்கொள்ளும். பரல் பெரிது என்பதால் கலவை நன்றாக ஓடும், எந்திரத்தில் அளந்து நிரப்பலாம். டையோட்ரோப்பியம் கேப்ஸ்யூலில் இருக்கும் தூள் மொத்தம் சுமார் 5.5 மில்லிகிராம், அதில் மருந்து வெறும் 18 மைக்ரோகிராம். முந்நூறு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு மருந்து. டிஸ்கஸ் கருவியின் ஒவ்வொரு ப்ளிஸ்டரிலும் 12.5 மில்லிகிராம் கலவை. இழுத்ததும் நாக்கில் லேசாக இனிக்கிறதே, அது இந்தச் சர்க்கரைதான். இனிப்பு தெரிந்தால் தூள் வாய்வரை வந்தது என்று அர்த்தம். நுரையீரலுக்குப் போனது என்று அர்த்தமாகாது.

முந்நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே பெரிய வேலை. குறைவாகக் கலக்கினால் மருந்து திட்டுத் திட்டாக நிற்கும். அதிகமாகக் கலக்கினால் பரலோடு மருந்து அழுந்திப்போய் இழுக்கும்போது பிரியாது. லாக்டோஸ் பரலின் மேற்பரப்பில் சில இடங்கள் மட்டும் அதிகப் பிடிப்புள்ளவை. மருந்து முதலில் அங்கே போய் ஒட்டும், பிறகு வராது. அதனால் கொஞ்சம் மிக நுண்ணிய லாக்டோஸை முன்கூட்டியே சேர்த்து அந்த இடங்களை நிரப்பிவிடுவதுண்டு. சில தயாரிப்புகளில் மெக்னீசியம் ஸ்டியரேட்டைத் துளி சேர்த்துப் பிடிப்பைத் தளர்த்துவார்கள். மாத்திரை செய்யும் இடத்தில் கலவை சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இங்கே கலவை சரியான பிறகுதான் கிணறே கண்ணுக்குத் தெரியும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இழுக்கலாமா?

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்ற அளவிலான லாக்டோஸ் செரியாமைக்கு இந்தச் சில மில்லிகிராம் பொருட்டே இல்லை. பால் புரதத்துக்குக் கடுமையான அலர்ஜி உள்ளவர்கள் நிலை வேறு: லாக்டோஸில் புரதம் மிகச் சிறிதளவு ஒட்டியிருக்கலாம் என்பதால் பல தூள் இன்ஹேலர்கள் அவர்களுக்குக் கூடாது என்று லேபிளிலேயே இருக்கிறது. மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பரலில் ஒட்டிய மருந்து உள்ளே போகும்போது எப்படிப் பிரிகிறது?

கருவிக்குள் இருக்கும் ஓரிரு அங்குல தூரத்தில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், மூச்சுக்காற்றின் பலத்தால் பிரிய வேண்டும். வடிவமைப்பாளரின் கைவண்ணம் முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது.

வழிகள் பல. காற்றுப்பாதையைக் குறுக்கி வேகத்தைக் கூட்டலாம். வலை ஒன்றைக் குறுக்கே வைத்துச் சுழல்களைக் கிளப்பலாம். தூளைச் சுவரில் மோதவிடலாம். வட்ட அறைக்குள் சூறாவளிபோல் சுற்றவிடலாம். டர்புஹேலரின் வாய்முனைக்குள் திருகுபாதைகள் இருக்கும். கட்டியாக வரும் தூள் அதில் புரண்டு உடையும். ஏரோலைசர், ப்ரீஸ்ஹேலர் வகையில் இரு முனையிலும் ஊசியால் துளைத்த கேப்ஸ்யூல் ஒரு தட்டையான குழிக்குள் விர்ரென்று சுற்றும். தூள் துளை வழியே வெளியே வீசப்படும். ஹாண்டிஹேலரில் கேப்ஸ்யூல் தன் நீளவாக்கில் அதிரும். நம் ஊரில் பரவலாகப் புழங்கும் ரோட்டாஹேலர் இவற்றில் எளியது: திருகினால் கேப்ஸ்யூல் இரண்டாகப் பிரிந்து தூள் கொட்டும், வலை கேப்ஸ்யூல் ஓட்டைத் தடுத்து நிறுத்தும், தூளைக் காற்று அள்ளிக்கொண்டு போகும்.

பிரிந்த பிறகு பெரிய லாக்டோஸ் பரல்கள் வாயிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும். நுண்ணிய மருந்து அதைத் தாண்டி உள்ளே போகும். அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் பரலைவிட்டுப் பிரியாத மருந்தும் பரலோடு சேர்ந்து தொண்டையிலேயே தங்கிவிடும். லாக்டோஸ் கலந்த கருவிகள் பலவற்றில் வெளியே வரும் மருந்தில் ஐந்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரைதான் நுண்துகளாகத் தேறும். கேட்பவர்கள் திகைக்கும் எண் இது, துறையில் இருப்பவர்களுக்கு வழக்கமான எண்.

அப்படியானால் எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு நல்லதா?

ஓர் எல்லைவரை. இந்தக் கேள்விக்குள் ஒரு முரண் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். வேகமாக இழுத்தால் தூள் நன்றாக உடைந்து பிரிகிறது. அதே வேகம் துகளைத் தொண்டையில் கொண்டுபோய் அறையவும் செய்கிறது. தொண்டையில் மோதும் வாய்ப்பு துகள் விட்டத்தின் இருபடியோடும் காற்றோட்டத்தின் வேகத்தோடும் கூடுகிறது. உடைப்பதற்கு வேகம் வேண்டும், தாண்டுவதற்கு நிதானம் வேண்டும், இரண்டுக்கும் இருப்பது ஒரே மூச்சு.

இந்த முரணைச் சமாளிக்க ஒரு வழி கருவியின் காற்றுத் தடையைக் கூட்டுவது. தடை அதிகமான கருவியில் எவ்வளவு பலமாக இழுத்தாலும் காற்று நிதானமாகவே வரும். ஆனால் குறுகிய பாதையில் அழுத்த வேறுபாடு அதிகமாகி உடைக்கும் சக்தி கிடைக்கும். 4 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் ஹாண்டிஹேலர் வழியே நிமிடத்துக்கு 39 லிட்டர் அளவுதான் காற்று வரும். டர்புஹேலரில் 60-ஐ ஒட்டி, டிஸ்கஸில் 75-ஐ ஒட்டி, ப்ரீஸ்ஹேலரில் 100-க்கும் மேல். ஆகவே "இந்தக் கருவி இழுக்கவே கஷ்டமாக இருக்கிறது, அந்தக் கருவி சுலபமாக வருகிறது, அதுதான் நல்லது" என்று முடிவுகட்ட முடியாது. சி.ஓ.பி.டி. முற்றிய 26 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஹாண்டிஹேலர் வழியே அவர்கள் இழுத்த உச்ச வேகத்தின் இடைநிலை நிமிடத்துக்கு 30 லிட்டர். மிகக் குறைந்தவர் 20.4. அந்தக் கருவி இந்த வேகங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. டர்புஹேலரோ 60-ஐ ஒட்டி இழுத்தால்தான் முழுத் திறனைக் காட்டும். 30-இல் நுண்துகள் கணிசமாகக் குறையும்.

இன்னொன்று. தூள் கருவியைவிட்டுக் கிளம்புவது மூச்சின் ஆரம்பத்திலேயே. மெல்லத் தொடங்கி, போகப்போக வேகமெடுத்தால், தூள் உடையாமலேயே முன்னால் போய்விடும். பின்னால் வரும் வேகத்துக்கு அங்கே வேலையே இருக்காது. "எடுத்த எடுப்பிலேயே பலமாக இழுங்கள்" என்று நர்ஸ் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஸ்ப்ரேக்கு மெதுவாக, ஆழமாக. தூளுக்கு முதலிலிருந்தே வேகமாக, ஆழமாக. இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் இதை மாற்றிப் போட்டுக்கொள்வது அன்றாடம் நடப்பது.

இதை முதலில் யார் செய்தது?

1864-இல் லண்டனில் ஆல்ஃபிரட் நியூட்டன் என்பவர் பொட்டாசியம் குளோரேட்டைத் தூளாக இழுக்க ஒரு கருவிக்குக் காப்புரிமை எடுத்தார். மருந்துத் தேர்வு படுமோசம், அது நுரையீரலை எரிக்கும் பொருள். ஆனால் தூள் மிக நுண்ணியதாக இருக்க வேண்டும், ஈரம் படக் கூடாது என்ற இரண்டையும் அவர் அன்றே புரிந்துகொண்டிருந்தார். 1948-இல் அமெரிக்காவின் அபாட் நிறுவனம் பென்சிலின் தூளுக்கு ஏரோஹேலர் என்று ஒன்றை விற்றது. மூச்சு இழுக்கும்போது ஒரு சிறு உலோகக் குண்டு தூள் இருக்கும் குப்பியைத் தட்டித் தட்டி உதிர்க்கும்.

இன்றைய வடிவத்துக்கு அடி போட்டவர் ராஜர் ஆல்ட்டூனியன். 1922-இல் சிரியாவில் பிறந்த ஆர்மீனிய–ஆங்கிலேய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் விமானி, தானே ஆஸ்துமா நோயாளி. பிற்பாடு ஃபைசன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்ட பிரிட்டிஷ் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். புதிதாகச் செய்யும் ஒவ்வொரு வேதிப்பொருளையும் முதலில் தான் இழுத்துவிட்டு, பிறகு கினிப்பன்றி முடியின் சாறை இழுத்துத் தனக்கே ஆஸ்துமாவை வரவழைத்து, மருந்து தடுக்கிறதா என்று பார்ப்பார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத வேலை. அதிலிருந்து வந்ததே சோடியம் குரோமோகிளைகேட். இதை வேளைக்கு 20 மில்லிகிராம் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைய ஸ்ப்ரேக்களில் அவ்வளவு அடங்காது. அதற்காக அவர் உருவாக்கியதுதான் ஸ்பின்ஹேலர். துளைத்த கேப்ஸ்யூலைச் சிறு காற்றாடி ஒன்றில் செருகுவார்கள். இழுத்தால் காற்றாடி சுற்றித் தூளை வீசும். 1960-களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. விமானியின் புத்தியில் ப்ரொப்பெல்லர் வந்ததில் வியப்பில்லை.

கேப்ஸ்யூல், ப்ளிஸ்டர், மொத்தத் தூளும் உள்ளேயே இருக்கும் கருவி: எது சிறந்தது?

மூன்றிலும் அளக்கும் இடம் வேறு. கேப்ஸ்யூலிலும் ப்ளிஸ்டரிலும் அளப்பது தொழிற்சாலை. மொத்தத் தூளும் உள்ளேயே இருக்கும் டர்புஹேலர், ஈஸிஹேலர் போன்றவற்றில் அளப்பது உங்கள் கை: திருகும்போதோ அமுக்கும்போதோ தூள் சிறு குழிகளில் விழுந்து, மேலே வழித்துவிடப்பட்டு, ஒரு வேளைக்கான அளவு தனியாகும்.

தொழிற்சாலையில் அளப்பதைத்தான் நான் நம்புவேன். ஒவ்வொன்றையும் எடைபோட்டுத் தவறியதை ஒதுக்க முடியும். படலத்துக்குள் அடைத்துவிட்டால் ஈரமும் அண்டாது. டிஸ்கஸ் 60 ப்ளிஸ்டர்களை ஒரே சுருளாகச் சுற்றி உள்ளே வைக்கிறது. நெம்புகோலைத் தள்ளினால் ஒன்று உரிந்து திறக்கும். 2013-இல் வந்த எலிப்டா இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்தவுடன் இரண்டிலும் ஒவ்வொன்றை உரித்துத் தயாராக்குகிறது. ஒரே கலவையில் ஒத்துப்போகாத இரண்டு மருந்துகளைத் தனித்தனிச் சுருளில் வைக்கலாம் என்பது அதன் கெட்டிக்காரத்தனம்.

மொத்தத் தூள் கருவிகளின் பலம் விலையும் அடக்கமும். டர்புஹேலர் 1980-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் ஆஸ்ட்ராவிலிருந்து வந்தபோது லாக்டோஸ் துளியும் இல்லாமல், மருந்தையே சிறு உருண்டைகளாக உருட்டி உள்ளே வைத்தார்கள். உருண்டை நன்றாக ஓடும், வாய்முனையில் உடைந்து மாவாகும். மிக அழகான யோசனை. ஆனால் இனிப்பும் இல்லை, புகையும் இல்லை, "ஒன்றுமே வரவில்லையே" என்று நோயாளிகள் திரும்பத் திரும்ப இழுத்தார்கள். திருகும்போது கருவியைச் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால் அளவு குறையும். இதைச் சொல்லிக் கொடுப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் நல்ல வடிவமைப்பும் தோற்றுப்போகும்.

கேப்ஸ்யூலுக்கு நம் நாட்டில் தனி இடம் உண்டு, காரணம் பணம். கருவி ஒருமுறை வாங்கினால் போதும். கேப்ஸ்யூலைத் தேவைக்கு வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடிபோன்ற கருவி என்றால் தூள் காலியாயிற்றா என்று கண்ணாலேயே பார்க்கலாம், மிச்சம் இருந்தால் இன்னொருமுறை இழுக்கலாம். மிச்சம் எத்தனை வேளை என்று காட்டும் எந்த எண்காட்டியும் தராத நிச்சயம் அது. குறை என்னவென்றால் கண் மங்கிய, விரல் நடுங்குகிற பெரியவர் இளைப்போடு படலத்தை உரித்து, கேப்ஸ்யூலை எடுத்து, குழிக்குள் போட வேண்டும்.

எண்காட்டி இழுத்ததைக் காட்டுகிறதா, திருகியதைக் காட்டுகிறதா?

பெரும்பாலும் திருகியதை. திறந்து மூடி விளையாடினாலும் எண் குறையும். நெக்ஸ்ட்ஹேலர் விதிவிலக்கு: மூச்சின் வேகம் நிமிடத்துக்கு சுமார் 35 லிட்டரை எட்டினால்தான் உள்ளே இருக்கும் தடுப்பு விலகித் தூளை விடுவிக்கும், அதன் பிறகு மூடும்போதுதான் எண் குறையும்.

நம் ஊர்க் கடற்கரை ஈரம் தூளைக் கெடுக்காதா?

கெடுக்கும். ஈரத்தில் துகள்களுக்கு நடுவே நுண்ணிய நீர்ப்பாலம் விழும். பிறகு எந்த மூச்சாலும் பிரிக்க முடியாது. ஜெட் மில்லில் அடிபட்ட துகளின் மேற்பரப்பில் ஒழுங்குகெட்ட படிகப் பகுதிகள் இருக்கும், அவை ஈரத்தை இன்னும் ஆவலாகப் பிடிக்கும். தயாரிப்பாளர்கள் 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் வைத்துச் சோதிப்பது இதற்காகவும்தான். டர்புஹேலரின் அடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஆட்டினால் சலசலக்கும் சத்தம் அதனுடையது. சத்தம் கேட்கிறது, மருந்து மிச்சமிருக்கிறது என்று நினைத்து வெற்றுக் கருவியை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

மழைக்கால ஈரத்தைவிட மோசமானது உங்கள் வாய் ஈரம். கருவியை வாயில் வைத்தபடி மூச்சை வெளியே விட்டால் உள்ளே இருக்கும் தூள் அங்கேயே நமுத்துப்போகும். மூச்சை முகத்தைத் திருப்பி வெளியே விட்டுவிட்டு, பிறகு வாயில் வையுங்கள். கேப்ஸ்யூலைப் படலத்திலிருந்து முன்கூட்டியே உரித்து டப்பாவில் போட்டு வைப்பதும் கூடாது. அதிகம் காய்ந்தாலும் தொல்லைதான்: ஜெலட்டின் கேப்ஸ்யூலில் இயல்பாக 13–16 சதவீதம் நீர் இருக்கும், அது வற்றினால் ஓடு நொறுங்கித் துணுக்குகள் மூச்சோடு வரும். தாவர நாரிலிருந்து செய்யும் ஹெச்.பி.எம்.சி. கேப்ஸ்யூலுக்கு அந்த நீரில் பாதிகூடத் தேவையில்லை என்பதால் புதிய கருவிகள் அதன் பக்கம் சாய்கின்றன.

தொழிற்சாலையில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

இரண்டு கேள்விகளாகப் பிரித்து. எவ்வளவு வெளியே வருகிறது என்பது முதல் கேள்வி. கருவியை ஒரு குழாயில் பொருத்தி, 4 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் 4 லிட்டர் காற்றைப் பம்பால் இழுத்து, குழாயில் சிக்கிய மருந்தைக் கழுவி அளப்பார்கள். ஐரோப்பிய மருந்தியல் நூலின் விதிப்படி பத்து அளவுகளில் குறைந்தது ஒன்பது, சராசரியின் 75–125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எதுவும் 65–135-ஐத் தாண்டக் கூடாது. மாத்திரைக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. கருவி எவ்வளவு கடினமான வேலையைச் செய்கிறது என்பதை இந்த இடைவெளியே ஒப்புக்கொள்கிறது.

வெளியே வந்ததில் எத்தனை பங்கு நுண்துகள் என்பது அடுத்தது. அதற்கு இம்பாக்டர். தொண்டைபோல் வளைந்த உலோகக் குழாய் வழியே காற்று நுழைந்து, துளைகள் சிறுத்துக்கொண்டே போகும் தட்டுகளைக் கடக்கும். பெரிய துகள் முன் தட்டில் மோதி நிற்கும், சிறியது அடுத்ததற்குப் போகும். இப்போது பரவலாகப் புழங்கும் என்.ஜி.ஐ. கருவியில் ஏழு நிலைகள். நிமிடத்துக்கு 60 லிட்டரில் முதல் நிலை 8 மைக்ரானுக்கு மேற்பட்டதையும் கடைசி நிலை 0.34 மைக்ரான் வரையிலானதையும் பிடிக்கும். ஒவ்வொரு கிண்ணத்தையும் கழுவி, மருந்தை அளந்து, கணக்குப் போடுவார்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலை. கிண்ணத்தில் பசைப்பூச்சு சரியில்லையென்றால் துகள் துள்ளி அடுத்த நிலைக்குப் போய், இல்லாத நுண்துகளை இருப்பதாகக் காட்டிவிடும்.

பம்பின் மூச்சு நேர்கோடு, மனிதனின் மூச்சு மேடுபள்ளம். அதனால் உண்மையான நோயாளிகளின் மூச்சைப் பதிவுசெய்து, அதையே எந்திரத்தால் இழுக்க வைத்துச் சோதிக்கும் ஆய்வகங்களும் உண்டு.

பெரிய அளவு மருந்தைத் தூளாகக் கொடுக்க முடியுமா?

லாக்டோஸோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. 100 மில்லிகிராம் மருந்துக்குப் பல மடங்கு சர்க்கரை சேர்த்தால் வாய் நிறைய மாவு, இருமல்தான் மிச்சம். நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கான டோப்ராமைசின் இதற்கு நல்ல உதாரணம். நெபுலைசரில் 300 மில்லிகிராமைக் கால்மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து இழுக்க வேண்டும். அதைத் தெளிப்பு உலர்த்தலில், ஓட்டை நிறைந்த லேசான துகள்களாகச் செய்தார்கள். முன்னே சொன்ன காற்றியக்க விட்டத் தந்திரம் இது: உருவம் சற்றுப் பெரிதானதால் ஒட்டுதல் குறைவு, அடர்த்தி குறைந்ததால் காற்றில் நடத்தை நுண்துகளுடையது, லாக்டோஸ் பரலே வேண்டாம். பாட்ஹேலர் என்ற கருவியில் 28 மில்லிகிராம் கேப்ஸ்யூல் நான்கு, ஒரு வேளைக்கு 112 மில்லிகிராம், சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்சுலினை இப்படி இழுக்கலாம் என்றார்களே, என்ன ஆயிற்று?

2006 ஜனவரியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எக்ஸுபெரா என்ற இழுக்கும் இன்சுலினுக்கு அனுமதி கிடைத்தது. ஃபைசர் விற்றது, கருவித் தொழில்நுட்பம் நெக்டாருடையது. மூச்சை நம்பாமல், கையால் பம்ப் அடித்துச் சேர்த்த காற்றால் ப்ளிஸ்டர் தூளை வெடித்து, ஒளிபுகும் அறைக்குள் மேகமாக நிறுத்தி, பிறகு நிதானமாக இழுக்கச் செய்த கருவி. பொறியியலாகப் பார்த்தால் முதல் கேள்வியில் சொன்ன சிக்கலுக்கு நேரடியான விடை. ஆனால் உருவம் பெரிது. உணவகத்தில் நாலு பேர் முன்னால் எடுக்கக் கூசும் அளவு. யூனிட்டில் பழகியவர்களுக்கு மில்லிகிராமில் ப்ளிஸ்டர். அதைவிட வினோதம், 1 மில்லிகிராம் ப்ளிஸ்டர் மூன்றை இழுத்தால், 3 மில்லிகிராம் ஒன்றை இழுப்பதைவிட அதிக இன்சுலின் உடலில் சேர்ந்தது. ஆகவே ஒன்றுக்கு மூன்று மாற்றாகாது என்று லேபிளிலேயே எச்சரிக்க வேண்டியிருந்தது. தூளில் கூட்டல் கணக்கு பலிக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2007 அக்டோபரில் ஃபைசர் அதன் விற்பனையைக் கைவிட்டது. கணக்கில் எழுதிய இழப்பு 280 கோடி டாலர்.

அடுத்த இழுக்கும் இன்சுலினான, அமெரிக்காவின் மேன்கைண்ட் நிறுவனத்தின் அஃப்ரெஸ்ஸாவுக்கு 2014 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விசில் அளவே உள்ள கருவி. 4, 8, 12 யூனிட் குப்பிகள். இன்சுலினைச் சுமப்பது லாக்டோஸ் இல்லை. அமிலத்தில் தானாகத் துகளாகத் திரண்டு, நுரையீரலின் நடுநிலை ஈரத்தில் சட்டென்று கரையும் ஒரு வேதிப்பொருள். இந்தியாவில் இதற்கு அனுமதி கிடைத்ததாக 2024 டிசம்பரில் சிப்லா அறிவித்தது. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது, மூச்சுக்குழாய் திடீரென்று இறுகலாம்.

கேப்ஸ்யூலைத் தெரியாமல் விழுங்கிவிட்டால்?

அடிக்கடி நடப்பதுதான். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென்றே அறிவிப்பு வெளியிட்டது. பெரும்பாலும் கெடுதல் வருவதில்லை, அந்த வேளை மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை என்பதே நஷ்டம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பார்ப்பதற்கு மாத்திரைபோல் இருப்பதைக் கொடுத்துவிட்டு விழுங்காதே என்றால் தப்பு நோயாளியுடையது என்று எனக்குத் தோன்றவில்லை.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?

வாயு இல்லாததால் தூள். ஓசோனைத் தின்ற சி.எஃப்.சி. வாயுவை 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஓரங்கட்டியது. அதற்குப் பதிலாக ஸ்ப்ரேக்களில் வந்த ஹெச்.எஃப்.ஏ.-134ஏ புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்குக் குறையாது. அதற்காக மூச்சு இழுக்க முடியாத சிறு குழந்தையையோ, திடீர் இளைப்பில் திணறுபவரையோ தூளுக்கு மாற்றுவது முறையில்லை. ஐந்து, ஆறு வயதுக்குக் கீழே ஸ்பேசர் (ஸ்ப்ரேயிலிருந்து வரும் மருந்தைப் பிடித்துவைக்கும் குழாய்) வைத்த ஸ்ப்ரேதான்.

ஒரு கம்பெனியின் கேப்ஸ்யூலை இன்னொரு கம்பெனியின் கருவியில் போடலாமா? உள்ளே நன்றாகத்தான் பொருந்துகிறது.

பொருந்தும், ஏனென்றால் பலரும் ஒரே 3-ஆம் எண் கேப்ஸ்யூலைத்தான் பயன்படுத்துகிறார்கள். போடக் கூடாது. ஒன்று கேப்ஸ்யூலைத் துளைக்கிறது, இன்னொன்று பிரிக்கிறது. ஒன்றில் சுற்றுகிறது, இன்னொன்றில் அதிர்கிறது. ஒன்றின் தடை மூன்று மடங்கு அதிகம். லாக்டோஸ் பரலின் அளவு, நுண் லாக்டோஸின் பங்கு, கேப்ஸ்யூல் ஓட்டின் தடிமன், துளையின் அகலம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட கருவியின் சுழலுக்கு ஏற்ப ஒட்டிப் பிரியும்படி சரிசெய்யப்பட்டவை. கருவி மாறினால் பெட்டியில் போட்டிருக்கும் எண் அப்படியே இருக்கும். வெளியே வருவதும் அதில் நுண்துகளாகத் தேறுவதும் மாறிவிடும். ஜெனரிக் தூள் இன்ஹேலர் செய்வது ஜெனரிக் மாத்திரை செய்வதைவிடப் பல மடங்கு கடினமாக இருப்பதற்கும் இதே காரணம்: மூலக்கூறை நகலெடுத்தால் போதாது, தூளையும் கருவியையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். மருந்துக் கடையில் கேப்ஸ்யூல் பெயரோடு கருவியின் பெயரையும் சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் வேறு பிராண்டு கொடுத்தால், அதற்குரிய கருவி எது என்று கேட்டு அதையும் வாங்கிக்கொண்டு, எப்படி இழுப்பது என்று அங்கேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.